பத்துக்குப் பத்து அறையில் ஒரு சப்வூஃபர்

(அதியமான்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அதியமான் பெயரைத் தாங்கிய ஊரில் ஒலியைப் பற்றிப் பேச வந்துவிட்டு அவ்வையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சியை அவர் பாடிய பாட்டு ஒன்றில் ஒரு தண்ணுமை வருகிறது. பொதுவிடத்தில் தொங்கும் அந்தத் தண்ணுமையின் தோலில் காற்று மோதுகிறது. மோதியதில் அது ஒலிக்கிறது. அந்த ஒலி காதில் விழுந்ததுமே போர் வந்துவிட்டது என்று எழுகிறவன் எங்கள் தலைவன் என்கிறார் அவ்வையார். வீரத்தைச் சொல்லும் பாட்டு அது. ஒலிப்பெட்டிகளோடு காலம் தள்ளுகிற எனக்கு அதில் இன்னொரு செய்தியும் தெரிகிறது. அடிக்க ஆள் இல்லை, காற்றே தோலை அசைத்துவிட்டது. தோல் அசைந்தால் காற்று அசையும், காற்று அசைந்தால் தோல் அசையும். கடையில் நாம் வாங்குகிற சப்வூஃபரும் ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ளி அறைக்காற்றை அசைக்கிறது. அதற்கு மேல் அதற்கு வேறு வேலை இல்லை.

இந்த வட்டாரத்துக்குக் கீழ்ச்சத்தம் புதிதல்ல. மாரியம்மன் திருவிழாவில் பம்பை அடித்தால் நெஞ்சுக்கூட்டில் தட்டும். கூத்து நடக்கும் இரவில் பக்கத்து ஊர்க்காரருக்கு முதலில் கேட்பது மத்தளம்தான். ஹார்மோனியமும் முகவீணையும் கிட்டே போனால்தான் தெளியும். காரணம் எளியது. மேல்சத்தத்தைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது, மரமும் சுவரும் மறித்துவிடுகின்றன. கீழ்ச்சத்தத்தின் அலை நீளமானது, தடைகளைச் சுற்றி வளைந்து வந்துவிடும். 44-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரி போகும்போது காதுக்கு எட்டும் முன்பே ஜன்னல் கண்ணாடி சொல்லிவிடும்.

ஆனால் சினிமாப் பாட்டை நாம் கேட்ட விதம் வேறு. கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் மைக் செட் கட்டி, தென்னை மர உயரத்தில் குழாய் ஸ்பீக்கரை ஏற்றி, அதில்தான் கேட்டோம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோதும் அதில்தான். அந்தக் குழாய் பேச்சைத் தொலைதூரம் கொண்டுபோவதற்கென்று செய்யப்பட்டது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் எதிர்பார்க்க ஏதும் இல்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தியோ 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசித்த சசிதரனின் விரல் வேலையையும், பின்னாளில் ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸின் வேலையையும் ஒரு தலைமுறை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறது. முழுக்கக் கேட்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு சுரத்தின் மேல்கிளைகள் காதில் விழுந்தால், விழாத அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வரி புரிவது அதனால்தான். புரிகிறது, ஆனால் உடம்பில் படுவதில்லை. அந்தப் பாக்கியைத் தீர்க்க நம் வீட்டுக்கு வருகிற பெட்டிதான் சப்வூஃபர் என்பது என் கருத்து. அதிர்ச்சி காட்டுவதற்கு வருகிற பெட்டி அல்ல.

சினிமாக்காரர்கள் இதை அதிர்ச்சிக்காகத்தான் முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். 1974-இல் 'எர்த்குவேக்' என்ற ஹாலிவுட் படத்துக்காக, பூமி அதிர்வதைக் காட்டத் தியேட்டர்களில் பெரிய பெரிய பெட்டிகளை வைத்தார்கள். பிறகு டால்பியும் டிடிஎஸ்ஸும் கீழ்ச்சத்தத்துக்கென்று தனித்தடம் ஒதுக்கின. 5.1 என்கிறோமே, அந்தப் புள்ளி ஒன்று அதுதான். தமிழில் 1990-களின் நடுவில் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடும் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. அங்கிருந்து நம் வீட்டு ஹாலுக்கு 5.1 பெட்டி வர அதிகக் காலம் ஆகவில்லை.

வந்த பெட்டி என்ன செய்கிறது? பெரும்பாலான வீடுகளில் ஒரே சத்தம் போடுகிறது. எந்தப் பாட்டுப் போட்டாலும் அதே 'டும்'. மிருதங்கத்தின் இடந்தலை, தவில், பேஸ் கிட்டார், குண்டு வெடிப்பு எல்லாம் ஒரே குரலில் வருகின்றன. கேட்டால் பெட்டி சரியில்லை, பெரியதாக வாங்க வேண்டும் என்கிறார்கள். பாதி நேரம் பெட்டியில் குற்றம் இல்லை. அறையில் இருக்கிறது. இந்த உரையில் நான் சொல்ல வந்ததே அதுதான். கீழ்ச்சத்தத்தில் நீங்கள் கேட்பது பெட்டியை மட்டும் அல்ல, பெட்டியும் அறையும் சேர்ந்து செய்கிற ஒலியை. ஆகவே அறையைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டி வாங்கக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,130 அடி போகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டருக்கும் மேல் நீளம். அவ்வளவு நீளமான அலை பத்தடி அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதி மோதித் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் தம்மைத் தாமே பலப்படுத்திக்கொள்கின்றன. அதை ஒத்ததிர்வு என்கிறோம். அதில் முதல் எண்ணைக் கண்டுபிடிக்க நீங்கள் பொறியியல் படிக்க வேண்டாம். 565-ஐ அறையின் நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்துக்கொள்ளுங்கள். பத்தடி என்றால் 56 அல்லது 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடி என்றால் 47. பதினைந்தடிக்கு 38.

இப்போது நம் ஊர்க் கட்டடத்தைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, காங்கிரீட் தளம் பத்தடி உயரத்தில். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே எண். மூன்று பக்கமும் ஒத்ததிர்வு 57 ஹெர்ட்ஸிலேயே எழுகிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்திக்கு அடுத்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை அதிரும், அதற்குச் சில படி கீழே இருக்கிற சுரம் வரும்போது அந்த அதிர்வு இராது. வாசித்தவர் எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். நம் அறை ஒன்றை மட்டும் தூக்கிவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அறை கொஞ்சம் தேவலை, எழுச்சி இரண்டு இடங்களில் பிரிந்துகொள்ளும். கனசதுரம்தான் மிக மோசமான வடிவம். புதிதாக வீடு கட்டப்போகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், பாட்டுக் கேட்கிற அறையையாவது மூன்று அளவும் ஒன்றாக வராதபடி மேஸ்திரியிடம் சொல்லிக் கட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. கீழ்ச்சத்தம் பட்டால் பலகை தானும் வளைந்து கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும், மீதியில் ஒரு பங்கு வெளியே போய்விடும். அந்த வீடுகளில் உட்கார்ந்து எழுதப்பட்ட ஆலோசனையைப் படித்துவிட்டு 15 அங்குல வூஃபர் வேண்டும் என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், மேலே காங்கிரீட், கீழே டைல்ஸ் அல்லது கல். வந்த கீழ்ச்சத்தத்தை ஏறக்குறைய முழுதாகத் திருப்பி அனுப்பும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால், அறையின் முதல் ஒத்ததிர்வுக்குக் கீழே இருக்கிற ஒலிகளுக்கு அறையே அழுத்தம் கூட்டித் தரும். நமக்குப் பெரிய வூஃபர் தேவைப்படாததற்கு இதுவே காரணம். ஓட்டு வீட்டில் கதை வேறு. ஓட்டு இடுக்கு வழியே கீழ்ச்சத்தம் வெளியேறிவிடும், அறை உதவாது, உறுமலும் குறைவு. ஓட்டு வீட்டில் பேஸ் நன்றாக, சுத்தமாக இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றியிருக்கிறது.

சரி, எதை வாங்குவது?

வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதற்கு எந்த அளவீட்டு ஒழுங்கும் கிடையாது. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட் எண்ணைக் கேளுங்கள். நம் ஊர்களில் அசெம்பிள் செய்கிற தம்பிகளுக்கு 4440 ஐ.சி. வைத்த ஆம்ப்ளிஃபயர் பலகை தெரியாமல் இராது. அதைச் செய்தவர்கள் சொன்ன கணக்கு ஒரு பக்கத்துக்கு 6 வாட். அட்டையில் எத்தனை நூறு போட்டிருந்தாலும் சில்லு அதே சில்லுதான். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும், கவனித்துக் கேட்டால் தெரிகிற அளவு. 10 டெசிபெல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

கூம்பின் பரப்பும் அது நகரும் தூரமும்தான் முக்கியம். 8 அங்குல வூஃபரில் காற்றைத் தள்ளுகிற பரப்பு சுமார் 210 சதுர சென்டிமீட்டர், 12 அங்குலத்தில் சுமார் 480. 80 ஹெர்ட்ஸில் எழுப்பிய அதே ஒலியை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், 20 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்கு. ஐந்தரை அங்குல வூஃபர் வைத்த 5.1 பெட்டி 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 80-க்கும் 100-க்கும் இடையில் ஒரு மேட்டை எழுப்பி பேஸ் போலக் காட்டும். தகவல் தாளில் வெறுமனே '20 முதல் 200 ஹெர்ட்ஸ்' என்று இருந்தாலும் பயன் இல்லை. அந்த எல்லையில் எத்தனை டெசிபெல் குறைகிறது என்று சேர்த்துப் போட்டிருந்தால்தான் அது தகவல்.

மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த பெட்டியா என்பது அடுத்த கேள்வி. ஓட்டைப் பெட்டியில் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு அருகில் ஒலியைத் தூக்கித் தரும். அதற்குக் கீழே போனால் ஒலி செங்குத்தாக விழும், ஓர் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும்போது, 24 டெசிபெல். கூம்பும் பிடிமானம் இல்லாமல் துள்ளும். மூடிய பெட்டி நிதானமாக இறங்கும், ஆக்டேவுக்கு 12 டெசிபெல். இப்போது நம் காங்கிரீட் அறையை நினைத்துப் பாருங்கள். நன்றாக அடைத்த சிறிய அறை கீழே போகப் போகக் கூட்டித் தருவதும் அதிகபட்சம் அதே 12 டெசிபெல் கணக்குதான். பெட்டி இறங்குகிற இடத்தில் அறை ஏற்றுகிறது. நடைமுறையில் கதவிடுக்கும் ஜன்னலும் கொஞ்சம் குறைத்துவிடும், ஆனாலும் இரண்டும் அழகாகப் பொருந்தும். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அறைகளுக்கு 10 அங்குல மூடிய பெட்டி போதும் என்பது என் தீர்மானமான முடிவு. ஹாலும் சமையற்கட்டும் ஒன்றாகத் திறந்திருக்கிற பெரிய வீடு என்றால் அறை உதவாது, அங்கே 12 அங்குல ஓட்டைப் பெட்டிக்கு நியாயம் உண்டு.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வெறும் வூஃபரை வாங்கிவந்து ஆசாரியை வைத்துப் பெட்டி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வூஃபருக்குரிய எண்களைக் கேட்டு வாங்குங்கள். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள் ஆஸ்திரேலியாவில் 1960-களிலும் 70-களிலும் வகுத்துக் கொடுத்த கணக்கு அது. அந்த எண்களை வைத்துத்தான் எத்தனை லிட்டர் பெட்டி என்பது தெரியும். எண் இல்லாத வூஃபருக்குக் கண்ணளவில் செய்கிற பெட்டி, ஒலிப்பது குருட்டாம்போக்கில்தான். 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே குறுக்குக் கட்டை, மூட்டுகளில் காற்றுக் கசியாத பூச்சு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாங்கியாகிவிட்டது. எங்கே வைப்பது? மின்சாமான் என்றால் அக்னி மூலை என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். எந்த மூலையானாலும் மூலைக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு சுவரும் தரையும் கூடுகிற இடம் அது, அறையின் எல்லா ஒத்ததிர்வுகளையும் ஒருசேரக் கிளப்பிவிடும். சத்தம் நிறைய வரும், சமன் இராது. சுவரின் நடுப்புள்ளிக்கு நேர்மாறான குணம்: அந்தச் சுவரின் நீளத்துக்குரிய முதல் ஒத்ததிர்வை அது கிளப்பாது. கேட்பவர் உட்காரும் இடத்துக்கும் இதே விதி. அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் 57 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. சுவரில் தலைசாய்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே ஒலி இடியாக இருக்கும். ஒரே அறை, ஒரே பாட்டு, இருவருக்கும் இரண்டு தீர்ப்பு. வீட்டில் நடக்கிற பல வாக்குவாதங்களில் இருவர் சொல்வதும் உண்மைதான்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பெட்டியைத் தூக்கி வையுங்கள். பேஸ் கிட்டார் சுரம் சுரமாக ஏறி இறங்குகிற பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, பெட்டி வைக்க வாய்ப்புள்ள இடங்களில் தரையோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தவழுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அவற்றுக்கு இடையில் அறை செய்கிற வேலை மாறாது என்பது இதன் பின்னால் இருக்கிற இயற்பியல். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு மணி நேரத் தவழ்தல் தருகிற பலனை இன்னொரு பெட்டி வாங்குகிற பணம் தராது.

பணம் இருக்கிறவர்கள் ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பெட்டிகள் வாங்கி எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கலாம். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் இதை ஆராய்ந்து, நீள்சதுர அறையில் எத்தனையோ பெட்டிகளை அடுக்க வேண்டியதில்லை, இடமறிந்து வைத்தால் இரண்டே பெரும்பலன் தரும் என்று காட்டினார். ஒன்று எழுப்புகிற ஒத்ததிர்வை மற்றது அமர்த்திவிடும். அறையில் எங்கே உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே ஒலி.

இடம் அமைந்த பிறகு திருகுகளுக்கு வாருங்கள். கிராஸ்ஓவர், அதாவது சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கிற எல்லை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கட்டும். அதற்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சட்டென்று பிடிபடாது. பக்கத்து ஸ்பீக்கர்கள் மூன்று நான்கு அங்குலம்தான் என்றால் 120 வரை ஏற்ற வேண்டியிருக்கும், அப்போது பெட்டியை அந்த ஸ்பீக்கர்களுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் இந்தப் பிரிப்பைச் செய்கிறது என்றால் பெட்டியின் முதுகில் இருக்கிற திருகை முழுவதும் ஏற்றிவிடுங்கள், இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். ஃபேஸ் பொத்தானை 0-விலும் 180-லும் மாற்றி மாற்றிப் பார்த்து, உட்காரும் இடத்தில் எது கனமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். பிறகு வால்யூமை, பெட்டி தனியாகக் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். அணைத்தால் குறை தெரிய வேண்டும், போட்டால் பெட்டி இருப்பது தெரியக் கூடாது. மைக் வைத்து அளந்து ஈக்வலைசர் போடுகிறவர்கள் மேட்டை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயர்தான் திணறும், அறை அதையும் விழுங்கிவிடும்.

பீரோ கதவு, பாத்திர அலமாரி, சாமிப் படத்தின் சட்டம், டியூப் லைட் பட்டி இவையெல்லாம் கூடவே பாடும். ஒவ்வொன்றாகத் தேடி ரப்பரோ துணியோ வைத்து அடக்குங்கள். சுவரில் தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டுவது கீழ்ச்சத்தத்தை ஒன்றும் செய்யாது. 57 ஹெர்ட்ஸ் அலையில் கால்பங்கே ஒன்றரை மீட்டர், அதற்கு அந்த அட்டை கண்ணிலேயே படாது.

பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்' என்று உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் பாடுகிற இடமும் அதுவே என்பதால் நன்றாகக் கேட்கும். முதலில் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு நின்றுவிடும். உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பின் உங்கள் பிள்ளைகளின் உயிருக்குக் காவல்.

கடைசியாக, அடுத்த வீட்டுக்காரர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்தான் எல்லை. அந்த அளவு மனிதக் காதின் போக்குக்கு ஏற்பத் திருத்தப்பட்ட 'ஏ' அளவு. அந்தத் திருத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபெல் கழிக்கப்படுகிறது. மீட்டரில் 45 என்று காட்டும்போது உண்மையில் 75 டெசிபெல் கீழ்ச்சத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம். விதிக்குள் இருக்கிறோம் என்று நாம் நினைப்போம், பொதுச்சுவருக்கு அப்பால் கைக்குழந்தை தூங்காது. குறைந்த வால்யூமில் காதுக்கே கீழ்ச்சத்தம் குறைவாகத்தான் எட்டும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரவில் பேஸைக் கூட்டத்தான் கை போகும். அந்த நேரத்தில் சப்வூஃபரை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனுக்கு அறை இல்லை, அதனால் ஒத்ததிர்வும் இல்லை.

கடைக்குப் போவதாக இருப்பவர்கள் முதலில் ஒரு டேப் எடுத்து அறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து, மூன்றையும் 565-க்குக் கீழே எழுதி வகுத்துக்கொண்டு போங்கள். கடையில் அவர்கள் போடுகிற குண்டு வெடிப்பு வேண்டாம், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடச் சொல்லி பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்கு இடம் தேட ஒதுக்குங்கள்.